பூட்டிய வீட்டு வாசலில் நான் போட்ட வட்டம்

கஜா பெராங் வட்டாரத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, பெருநாள் காலத்தில் திருட்டு நடக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று அனுபவசாலி ஒருவர் உங்களுக்கு எழுத வேண்டுமாம். உங்கள் அதிகாரி என்னைக் கேட்டுக்கொண்டார். பாவம், அவர் என் சேவைப் பதிவேட்டைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பேனாவை வேறு ஆளிடம் கொடுத்திருப்பார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் காக்கி போட்டவன் நான். முதன்முதலில் நான் பிடித்த திருடனைப் பற்றிச் சொன்னாலே என் திறமை விளங்கிவிடும். பட்டப்பகலில் ஒருவர் சன்னல் வழியாக ஒரு வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. நான் ஓடிப்போய் வெளியே இருந்த பாதியைப் பிடித்து இழுத்தேன். அவர் அந்த வீட்டுக்காரர். சாவியைத் தொலைத்துவிட்டார். சத்தம் கேட்டு அவருடைய மனைவி பக்கத்து வீட்டிலிருந்து வந்து விசாரித்தார். எனக்குக் காப்பி கொடுத்தார், அவருக்குக் கொடுக்கவில்லை. அன்று முதல் அந்தத் தெருவில் நான் தலையைக் குனிந்துதான் சைக்கிள் ஓட்டினேன்.

ஆனால் நான் சொல்லவந்த கதை அதுவல்ல. மலாயா சுதந்திரம் அடைந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, முதல் தீபாவளி வந்தது. மற்ற ஊர்களில் என் வயதுப் போலீஸ்காரர்கள் கம்யூனிஸ்டுகளைத் தேடித் துப்பாக்கியோடு காட்டில் அலைந்துகொண்டிருந்தார்கள். மலாக்காவில் காடு அடங்கிவிட்டது. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கோழித் திருடன், கொடியில் காயும் துணியைத் திருடுகிறவன், பூட்டிய வீட்டுப் பித்தளைக் குடத்தைத் தூக்குகிறவன். தீபாவளி என்றால் கஜா பெராங்கில் பாதித் தமிழ்க் குடும்பங்கள் ஜாசின், தங்காக் பக்கத்து எஸ்டேட்டுகளில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் போய்விடும். வீடு இரண்டு மூன்று நாள் பூட்டிக் கிடக்கும். அதற்கு முந்தைய ஆண்டு அப்படிப் பூட்டிக் கிடந்த வீடு ஒன்றில் விளக்கிலிருந்து உலக்கைவரை போய்விட்டது.

சுதந்திர நாட்டின் போலீஸ்காரன் அல்லவா நான்? புதிதாக ஏதாவது செய்யவேண்டும் என்று உடம்பெல்லாம் அரித்தது. ரோந்து போகிறவர்கள் நான் உட்பட மூன்று பேர். எந்த வீடு காலி என்று நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது. தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடம் ஒரு பெட்டி சுண்ணக்கட்டி வாங்கினேன். வீடு வீடாகப் போய், யார் ஊருக்குப் போகிறீர்கள் என்று விசாரித்தேன். போகிற வீட்டு வாசல் தூணில் ஐந்து காசு அளவுக்கு ஒரு சிறு வட்டம் போட்டேன். ரோந்து வருகிறவன் வட்டத்தைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். பதினோரு வீடு, பதினோரு வட்டம்.

எங்கள் சார்ஜனிடம் இதைச் சொல்லவில்லை. தீபாவளி முடிந்து, ஒரு வீட்டிலும் திருட்டு இல்லை என்ற நல்ல செய்தியோடு சேர்த்துச் சொல்லி அவரைத் திகைக்க வைக்கலாம் என்று வைத்திருந்தேன்.

பதினோராவது வீடு பார்வதி அக்காவின் வீடு. கணவர் இறந்தபின் தையல் மிஷினை மிதித்தே மகளை வளர்த்தவர். எங்கள் நிலையத்துக் காக்கிகளுக்கும் அவர்தான் ஒட்டுப் போடுவார். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா பண்டார் ஹிலிரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. கறாரான மனிதர். பெண்ணுக்கு நாலு வளையல் என்று பேச்சு. பத்து வருடத் தையலில் அந்த நாலு வளையலை அக்கா சேர்த்து வைத்திருந்தார். அது போனால் இன்னொரு பத்து வருடம் மிதிக்க அந்தக் காலில் தெம்பு கிடையாது. இது தெருவுக்கே தெரியும்.

தீபாவளிக்கு முதல் நாள் காலை, பெட்டி கட்டிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, பஸ்ஸுல கூட்டம் நெருக்கும். வளையல மடியில கட்டிக்கிட்டுப் போகவா, வீட்டுலயே வெச்சிட்டுப் போகவா?"

"வெச்சிட்டுப் போங்கக்கா. வாசல்ல என் வட்டம் இருக்கு. பேங்க்கைவிடப் பத்திரம்."

"வட்டத்துக்குக் கண்ணு இருக்கா?"

"எனக்கு இருக்குல்ல?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் யோசனையா இருக்கு," என்றார். ஆனாலும் காக்கியை நம்பினார். வளையல்களைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மகளோடு ஜாசின் பஸ் ஏறினார்.

அன்று மத்தியானம் காப்பிக் கடை வாசலில் நின்று தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தேன். காச்சாங் பூத்தே விற்கிறவர் தலையில் தட்டோடு வந்தார். கடலை, முறுக்கு, வறுத்த பட்டாணி என்று காகிதக் கூம்பில் மடித்து விற்பவர். போலீஸ்காரர்களை மாத்தா என்றுதான் கூப்பிடுவார். என்னைக் கண்டதும் தட்டை இறக்கி, ஒரு கூம்பு கடலையை இலவசமாக நீட்டினார். எதற்கு என்றேன்.

"உங்க புண்ணியத்துல இன்னிக்குச் சீக்கிரமாச் சுத்தி முடிச்சிட்டேன் மாத்தா. வட்டம் போட்ட வீட்டு வாசல்ல நின்னு கூவுறதில்ல. அங்கதான் ஆள் இல்லயே."

வாயருகே கொண்டுபோன கடலையைக் கூம்பிலேயே போட்டேன்.

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? மூணு நாளாப் பாக்கறேன். எங்க வட்டமோ அங்க பூட்டு. மீன்காரருக்குத் தெரியும், ரொட்டிக்காரருக்குத் தெரியும். காலையில சைக்கிள்ல ஒரு ஆளு வந்து, இது என்ன வட்டம்னு எங்கிட்டயே கேட்டான். சொன்னேன்."

"எப்படிப்பட்ட ஆளு?"

கொஞ்சம் யோசித்தார். "புது ஆளு. காச்சாங் வாங்கல," என்றார். அவரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய குற்ற அடையாளம் கிடையாது.

தம்பிகளே, தங்கைகளே, ஒரு திருடன் கஜா பெராங் முழுக்கச் சுற்றி, எந்த வீட்டில் ஆள் இல்லை என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாள் வேலையை நான் அவனுக்காக முடித்து, அரசாங்கச் சம்பளத்தில், வாசல் வாசலாக எழுதியும் வைத்திருந்தேன்.

உடனே என்ன செய்திருக்க வேண்டும்? நேராக நிலையத்துக்குப் போய், "சார்ஜன், நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிவிட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சார்ஜனுடைய முகம் நினைவுக்கு வந்தது. அவர் திட்டமாட்டார். கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைப்பார், அவ்வளவுதான். அந்தத் துடைப்பைத் தாங்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆகவே யாருக்கும் தெரியாமல் நானே சரிசெய்துவிடலாம் என்று சைக்கிளை மிதித்தேன். தப்பு செய்வது ஒன்று. அதைத் தனியாக மூடி மறைக்கப் போவது இன்னொன்று. எனக்கு ஒன்றோடு நிறுத்தும் பழக்கம் எப்போதும் இருந்ததில்லை.

முதலில் பார்வதி அக்கா வீட்டு வட்டத்தைக் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். மழைக்காலம். தூண் முழுக்கப் பச்சைப் பாசி. துடைத்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்தது. முன்பு ஐந்து காசு அளவில் இருந்த வட்டம் இப்போது தோசை அளவில் தெரிந்தது.

சரி, எல்லா வீட்டிலும் வட்டம் இருந்தால் எது காலி என்று எவனுக்குத் தெரியும்? மிச்சமிருந்த சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு, ஆள் இருக்கிற வீடு, இல்லாத வீடு, சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு என்று பாரபட்சம் இல்லாமல் போட்டுக்கொண்டே போனேன். காப்பிக் கடை முதலாளியான தவுக்கே, இது புது அரசாங்கத்தின் புது வரியா என்று கேட்டு, நான் அடுத்த வீட்டுக்கு நகர்வதற்குள் தன் வட்டத்தைத் துடைத்துவிட்டார். அவரைப் பார்த்து எதிர்வரிசையில் எல்லாரும் துடைத்தார்கள். கடைசியில் என்ன மிஞ்சும்? ஆள் இருக்கிற வீட்டில் வட்டம் இருக்காது, ஆள் இல்லாத வீட்டில் மட்டும் இருக்கும். பழைய நிலைமையேதான்.

அப்படிப் போட்டுக்கொண்டே கம்போங் செட்டிக்குள் நுழைந்தேன். செட்டி மக்கள் கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வீட்டு முன்கதவு சாத்தியிருந்தது. கெபாயா உடுத்திய அம்மாள் ஒருவரும் அவர் குடும்பமும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். இவர்களும் ஊருக்குக் கிளம்புகிறார்களோ என்று பதறி, வீட்டை விட்டுப் போகாதீர்கள், திருடன் வந்திருக்கிறான் என்று மலாயில் கத்தினேன்.

அம்மாள் உதட்டில் விரலை வைத்தார். "ஜாங்கான் பிசிங். ஓராங் துவா தெங்கா மாக்கான்," என்றார். சத்தம் போடாதே, பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தப் பெரியவர்கள் என்று கேட்டேன். தன் மாமனார், மாமியார், அவர்களுக்கு முந்தியவர்கள் என்று அடக்கமான குரலில் வரிசையாகச் சொன்னார். ஒருவர்கூட உயிரோடு இல்லை. தீபாவளிக்கு முன் செட்டி மக்கள் இறந்தவர்களுக்கு இப்படிப் படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். இலை போட்டு, இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் பரிமாறி, சாம்பிராணி காட்டி, அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுக் குடும்பமே வெளியே நிற்கும்.

சன்னல் இடுக்கில் பார்த்தேன். வாழையிலையில் ஆவி பறக்கும் சோறு. தண்ணீர்க் குவளைகள். மடித்து வைத்த புதுச் சாரோங். யாரோ இப்போதுதான் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. என்னை அறியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டேன். குரலையும் தாழ்த்திக்கொண்டேன்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒரு ஆள்கூட இல்லாத கூடத்துக்குப் போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றுகிறான். ஓர் இலையும் ஒரு குவளையும் ஒரு மடித்த துணியும் போதும், ஆள் இருப்பதாக நம்பிவிடுகிறான். என்னையே ஏமாற்றிய ஏற்பாடு ஒரு திருடனை ஏமாற்றாதா?

சுண்ணக்கட்டியை வாய்க்காலில் எறிந்தேன். பதினோரு வீட்டுக்கும் அக்கம்பக்கத்தாரைப் பிடித்தேன். உங்கள் பழைய செருப்பைக் கொண்டுவந்து இந்த வாசலில் போடுங்கள், உங்கள் ஈரத் துணியில் நாலை இந்தக் கொடியில் காயப்போடுங்கள், உங்கள் வீட்டுக்கு விளக்கு வைக்கும்போது இங்கும் ஒன்று வையுங்கள் என்று கெஞ்சினேன். ஒருவர் சாய்வு நாற்காலி கொடுத்தார். இன்னொருவர் தன் நாயைக் கட்டிவிட்டுப் போனார். இருட்டுவதற்குள் பத்து வீடுகள் ஆள் வைத்த வீடுகளாக மாறின.

பார்வதி அக்கா வீட்டுக்கு வந்தபோது கொடுக்க யாரிடமும் ஒன்றும் மிச்சமில்லை. எனக்கோ அந்த வீடுதான் முக்கியம். விடுதிக்கு ஓடி என் கட்டைச் செருப்பைக் கொண்டுவந்து வாசலில் போட்டேன். என்னுடைய மாற்றுக் காக்கிக் கால்சட்டையை நனைத்து அக்காவின் கொடியில் விரித்துக் காயப்போட்டேன். படியில் அகல் விளக்கு ஒன்றை ஏற்றி, அதைப் பார்த்துக்கொள்ளும்படி எதிர்வீட்டில் சொன்னேன். தள்ளி நின்று பார்த்தேன். ஆண்பிள்ளை இருக்கிற வீடு என்றால் எவன் கிட்டே வருவான்? என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

தீபாவளி அன்று எனக்குக் கோயில் கூட்டத்தில் காவல். இடையில் மூன்று முறை சைக்கிளில் வந்து பார்த்தேன். பூட்டு பத்திரம். கால்சட்டை காற்றில் கம்பீரமாக ஆடிக்கொண்டிருந்தது. மாலையில் பெய்த மழையிலும் அதை எடுக்கவில்லை. மழையில் துணி எடுக்காத வீடு காலி வீடு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை நிலையத்தில் இருந்தேன். பார்வதி அக்கா வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, கையில் பெட்டியோடு நேராக வந்திருந்தார். சார்ஜன் மேசைக்கு முன் நின்றார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"தம்பி, நேத்து என் வீட்டுக் கொடியில ஆம்பள கால்சட்டை காஞ்சுச்சாமே. யாருது?"

டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்.

நடந்தது இதுதான். தீபாவளிப் பலகாரமும் பெண்ணுக்குச் சேலையும் எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் முந்தின நாள் பகலில் சொல்லாமல் வந்திருக்கிறார்கள். அக்கா ஊரில் இல்லை. வாசலில் ஆண்பிள்ளைச் செருப்பு. கொடியில் ஆண்பிள்ளைக் கால்சட்டை. கணவர் இறந்து பத்து வருடமான வீடு. தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கல்யாணத்தைப் பற்றி யோசித்துச் சொல்வதாக எதிர்வீட்டில் ஒரு வார்த்தை விட்டுவிட்டும் போயிருக்கிறார்கள்.

"வளையல் போனா இன்னும் பத்து வருசம் தைப்பேன் தம்பி," என்றார் அக்கா. "இத எந்த மிஷின்ல தைக்கிறது?"

 வட்டத்திலிருந்து கால்சட்டைவரை அவ்வளவையும் அங்கேயே ஒப்பித்தேன். சார்ஜன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பிறகு மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார். முந்தாநாள் மத்தியானம் இதே நிலையத்தில் மூன்று பேர் வேலையில்லாமல் பலகையில் காய் நகர்த்தி டாம் ஆடிக்கொண்டிருந்தார்களே, கேட்டிருந்தால் வாசலுக்கு ஒரு ஆளாக நிறுத்தியிருப்பேனே, ஏன் கேட்கவில்லை?

சார்ஜன், அக்கா, நான் மூவருமாக அக்கா வீட்டுக்குப் போனோம். பூட்டு அப்படியே இருந்தது. அரிசி டின்னில் நாலு வளையலும் இருந்தன. பின்பக்கச் சன்னலுக்குக் கீழே ஈர மண்ணில் பழக்கமில்லாத காலடி. சன்னல் சட்டத்தில் இரும்பு வைத்து நெம்பிய கீறல். வந்தவன் நெம்ப ஆரம்பித்து, ஏதோ நினைத்துப் பாதியில் விட்டுப் போயிருக்கிறான். படியில் எதிர்வீட்டுக்காரர்கள் எண்ணெய் ஊற்றிக் காத்த விளக்கு. அதன் பக்கத்தில் என் கட்டைச் செருப்பு.

கொடியில் மட்டும் ஒன்றும் இல்லை. வந்ததற்கு வெறுங்கையோடு போகவேண்டாம் என்று, என் கால்சட்டையை உருவிக்கொண்டு போய்விட்டான். அந்தத் தீபாவளிக்குக் கஜா பெராங்கில் பதிவான திருட்டு ஒன்றே ஒன்று. பறிகொடுத்தவன் போலீஸ்காரன்.

சார்ஜன் என்னை உட்காரவைத்துப் புகார் எழுதினார். முகத்தில் ஓர் அசைவு இல்லை. பொருளின் விவரம் கேட்டார், சொன்னேன். பொருள் எங்கே இருந்தது, ஏன் அங்கே இருந்தது என்று கேட்டார், சொன்னேன். முத்திரை குத்தி, ஒரு படியை என் கையில் கொடுத்து, பண்டார் ஹிலிருக்கு நீயே கொண்டுபோ என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். கிராணி அல்லவா, படித்ததை உள்ளே இருந்த மனைவிக்காகத் தமிழில் உரக்கவும் சொன்னார்.

"காக்கிக் கால்சட்டை ஒண்ணு. இடுப்புல நம்பர் முத்திரை. பழசு. பின்பக்கம் ரெண்டு ஒட்டு. ஒரு ஒட்டு வேற நிறம்."

கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. காகிதத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இது உண்மையா?"

"சார், பொய் சொல்றதா இருந்தா, இதவிட நல்ல கால்சட்டையாச் சொல்லியிருப்பேன்."

காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, பலகாரத் தட்டையும் சேலையையும் எடுத்துவரச் சொன்னார். பார்வதி அக்காவின் வாசலில் நின்று, அவசரப்பட்டுப் போய்விட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அவரே சொன்னார். கறாரான மனிதர்தான், தன் தப்பிலும் கறாராக இருந்தார். அதை அன்று அவரிடம்தான் பார்த்தேன். என்னைப் போல மூடி மறைக்க ஓடவில்லை.

பெருநாள் காலத்தில் வீட்டைப் பூட்டிப் போகிறவர்களிடம் நீங்கள் என்னென்ன சொல்லவேண்டும் என்பது உங்கள் கையேட்டில் இருக்கிறது. நான் சேர்க்க ஒன்றுதான் உண்டு. நாம் பாதுகாப்புக்கு என்று செய்வது வாசலில் நின்று பார்க்கிறவனுக்கு என்ன சொல்லும் என்பதை, அவன் இடத்தில் நின்று ஒரு தடவை பாருங்கள். திருடன் இடத்தில் மட்டும் போதாது. சம்பந்தி இடத்திலும் நின்று பாருங்கள். அதற்குப் பிறகும் தப்பு நடந்தால், டாம் ஆடுகிறவர்களை எழுப்புங்கள்.

தை மாதம் கல்யாணம் நன்றாக நடந்தது. பெண்ணின் கையில் நாலு வளையலும் மின்னின. அதற்கு முந்தின வாரம், உள் துணி கிழிந்துபோன என் தொப்பியை அக்காவிடம் தைக்கக் கொடுத்திருந்தேன். கல்யாணப் பந்தலில் திருப்பிக் கொடுத்தார். கூலி வேண்டாம் என்றார். என் மேல் கோபம் போய்விட்டது என்று நெகிழ்ந்துபோய், அவர் எதிரிலேயே தொப்பியைப் புரட்டிப் பார்த்தேன்.

புது உள் துணி. அதன் நடுவில், சரியாக என் தலை உட்காரும் இடத்தில், வெள்ளை நூலில் ஐந்து காசு அளவுக்கு ஒரு வட்டம் தைத்திருந்தார்.